ஒரே பந்தியில் முதலும் மூளையும்



காலைச் சிற்றுண்டிக்குப் பிந்தியும் பகலுணவுக்கு முந்தியும் பரிமாறப்படும் ஒருவகை விருந்து இப்போது பெருநகரங்களில் பரவி வருகிறது. 'பிரஞ்ச்' என்று அதற்குப் பெயர். சென்னை, கோவை, பெங்களூரு முதலிய நகரங்களின் விடுதிகளில் இவ்விருந்துக்கு வருவோரின் நோக்கம் உணவன்று. ஒரு பக்கம் கையில் முதல் வைத்திருப்போர் அமர்ந்திருப்பர். மறுபக்கம் புதியதொரு கருவியையோ, செய்முறையையோ கண்டறிந்த ஒருவர் எழுந்து நின்று, தாம் கண்டது இன்னது, அதனால் உலகுக்கு விளையும் பயன் இன்னது, அதற்குத் தேவைப்படும் பணம் இவ்வளவு என்று பத்து நிமிடங்களில் எடுத்துரைப்பார். அதன்பின் கேள்விகள் எழும். உண்டு முடித்துக் கை கழுவும் வேளையில் முகவரிச் சீட்டுகள் கைமாறும். முதலும் மூளையும் ஒன்றையொன்று தேடிக் கண்டுகொள்வதற்கான ஏற்பாடே இது.

"செல்வந்தர்கள் கூடி உண்பதில் நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நமக்கு இரு வகைகளில் தொடர்பு உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று பொறியியலும் கணினியியலும் பயில்கிறார்கள். அவர்களுள் எவரேனும் ஒருவர் நாளை அந்தக் கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று பேசக்கூடும். அன்றியும், வளைகுடா நாடுகளில் வெயிலில் உழைத்துச் சேர்த்த பணம் நம் குடும்பங்கள் பலவற்றில் இருக்கிறது. அப்பணத்தை நாடி 'முதலீட்டாளர் சந்திப்பு' என்ற பெயரில் அழைப்பிதழ்களும் வருகின்றன. உண்மையான விருந்து எது, வலை விரித்த விருந்து எது என்று பகுத்தறியாவிட்டால், இழப்பது அந்த ஆயுட்கால உழைப்பையே.

நிலவொளியில் கூடியவர்கள்

இத்தகைய விருந்து நம் காலத்துப் புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் அறிஞர்களும் தொழில் முனைவோரும் சிலர் மாதந்தோறும் ஒரு வீட்டில் கூடி உண்டு உரையாடினர். முழுநிலவை ஒட்டிய நாளையே அவர்கள் தேர்ந்தெடுத்தனர். தெருவிளக்குகள் இல்லாத அக்காலத்தில், இரவில் வீடு திரும்ப நிலவொளி வேண்டியிருந்தது! ஆகவே அக்கூட்டத்திற்கு 'லூனார் சொசைட்டி', அதாவது நிலவுச் சங்கம் என்று பெயர் வழங்கிற்று. பிறை பார்த்து மாதம் கணிக்கும் நமக்கு இது சுவையான செய்திதான்.

அச்சங்கத்தின் தூண்களுள் ஒருவர் மேத்யூ போல்டன் என்னும் தொழிலதிபர். நீராவி இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட்டும் பின்னர் அதில் ஓர் உறுப்பினரானார். நீராவியைத் தனிக்கலத்தில் குளிரச் செய்தால் நிலக்கரி பெருமளவு மிச்சமாகும் என்ற எண்ணம் வாட்டுக்கு 1765-இல் உதித்தது. 1769-இல் காப்புரிமையும் கிடைத்தது. ஆயினும் பரிசோதனைக்குப் பணம்? ஜான் ரோபக் என்பவர் காப்புரிமையில் மூன்றில் இரு பங்கைப் பெற்றுக்கொண்டு செலவை ஏற்றார். இயந்திரம் உருப்பெறுமுன்னரே, 1773-இல் ரோபக்கின் தொழில் நொடித்துப் போயிற்று. அவர் தமக்குத் தர வேண்டிய கடனுக்கு ஈடாக அந்தப் பங்கை ஏற்றுக்கொண்டவரே போல்டன்.

1775-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அக்காப்புரிமையை 1800 வரை நீட்டித்தது. 1776-இல் வாட்டின் இயந்திரங்கள் வணிக முறையில் இயங்கத் தொடங்கின. எண்ணம் உதித்த நாளிலிருந்து பதினோரு ஆண்டுகள்! அவர்கள் வாங்கிய கட்டணமோ வியப்புக்குரியது. பழைய இயந்திரத்தோடு ஒப்பிட்டால் மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தந்தால் போதும் என்றனர். வாடிக்கையாளர் பயனடைந்தால்தான் அவர்களுக்கு வருவாய்.

ரோபக் நட்டமடைந்தார், போல்டன் செழித்தார். இருவரும் நேர்மையானவர்களே. புதுமையில் முதல் போடுவது என்றால், இவ்விரு முடிவுகளில் எதற்கும் ஆயத்தமாக இருப்பது என்று பொருள்.

எல்லைக்கு அப்பால் ஓர் ஏவுதளம்

இனி நம் காலத்திற்கும் நம் பகுதிக்கும் வருவோம். நான் வாழும் திருத்தணி, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். அந்த எல்லைக்கு அப்பால், வடகிழக்கே, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. அங்கே 2024-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் காலையில், 6.2 மீட்டர் உயரமுள்ள சிறியதொரு ராக்கெட் விண்ணோக்கி எழுந்தது. அதை ஏவியது அரசு நிறுவனமன்று, சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் முளைத்த 'அக்னிகுல் காஸ்மோஸ்' என்னும் தனியார் நிறுவனம்.

2017-இல் அதனைத் தொடங்கியவர்கள் ஸ்ரீநாத் ரவிச்சந்திரன், மொயின் எஸ்.பி.எம். என்னும் இரு இளைஞர்கள். அவர்களுக்குத் தோள் கொடுத்து இணை நிறுவனராக நின்றவர் ஐ.ஐ.டி. பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தி. ஸ்ரீநாத் மின் பொறியியல் பயின்று, அமெரிக்காவில் நிதித்துறையில் பணியாற்றியவர்; பின்னரே விண்வெளிப் பொறியியலுக்குத் திரும்பினார். மொயின் நிறுவனத்தின் அன்றாடச் செயற்பாடுகளைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றார். கண்டுபிடிப்பாளர் ஒருவர் மட்டும் போதாது. சரக்கு வாங்குவதும் ஆள் சேர்ப்பதும் அனுமதிகளுக்கு அலைவதும் ஆகிய வேலைகளைச் சுமக்க இன்னொரு தோள் வேண்டும் என்பதற்கு இவர்களே சான்று.

அவர்களின் கண்டுபிடிப்பு யாது? ராக்கெட் இயந்திரம் என்பது வழக்கமாக நூற்றுக்கணக்கான உறுப்புகளைத் தனித்தனியே செய்து இணைத்து உருவாக்கப்படுவது. இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு கசிவுக்கு வாய்ப்பு. அவர்களோ, உலோகத் துகளை அடுக்கடுக்காக உருக்கிப் படியவைக்கும் முப்பரிமாண அச்சு முறையால், முழு இயந்திரத்தையும் ஒரே துண்டாக வார்த்தெடுத்தனர். பல மாதங்கள் பிடிக்கும் வேலை சில நாட்களில் முடியலாயிற்று. 'அக்னிலெட்' எனப் பெயரிடப்பட்ட அவ்வியந்திரம் 2021 பிப்ரவரியில் வெற்றிகரமாக எரியூட்டிச் சோதிக்கப்பட்டது. 2022 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவில் அவர்களுக்கெனத் தனி ஏவுதளமும் அமைந்தது. இந்தியாவில் தனியார் ஒருவருக்கு அமைந்த முதல் ஏவுதளம் அதுவே.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் நமது பொருளின் உயிர்நாடி இருக்கிறது. 2019-இல் 'ஸ்பெஷாலே இன்வெஸ்ட்' என்னும் முதலீட்டு நிறுவனம் ஏறத்தாழ 3 கோடி ரூபாய் அளித்தது. 2020-இன் தொடக்கத்தில் 'பை வென்ச்சர்ஸ்' முன்னின்று திரட்டியது 23 கோடி ரூபாய்க்கு மேல். ஆனால், இந்திய விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிடுவதாக நடுவண் அரசு அறிவித்ததோ 2020 ஜூன் மாதத்தில்! கதவு திறக்கும் முன்பே, திறக்கும் என்ற நம்பிக்கையில் முதல் போடப்பட்டது. திறவாதிருந்தால் அப்பணம் போனது போனதுதான். அதற்கு உடன்பட்டே அவர்கள் கொடுத்தார்கள். அதன்பின் 2021-இல் 1 கோடியே 10 லட்சம் டாலரும், 2023-இல் 2 கோடியே 67 லட்சம் டாலரும் சேர்ந்தன.

ராக்கெட் எழுந்த நாளும் எளிதாக வாய்த்துவிடவில்லை. 2024 மார்ச் முதல் மே வரை நான்கு முறை ஏவுதல் கைவிடப்பட்டது. ஐந்தாம் முயற்சியே கைகூடிற்று. அதுவுங்கூட செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தும் பயணமன்று. இயந்திரத்தையும் வழிநடத்தும் முறையையும் பறக்கவிட்டுப் பார்த்த சோதனைப் பயணம். நிறுவனம் தொடங்கி ஏழாம் ஆண்டில் கிட்டியது ஒரு சோதனையின் வெற்றி. இங்குள்ள முருகன் மலைக்கு 365 படிகள் உண்டு. அவற்றை ஏறுவோரை நாள்தோறும் காண்கிறோம். பாதிப் படியில் நின்று, "உச்சி எங்கே?" என்று சினப்பவர் மலையேற வந்திருக்கவே கூடாது. முதலீடும் அத்தகையதே.

கடனா? கூட்டா?

ராக்கெட்டை விடுங்கள், நம் தெருவுக்கு வருவோம். திருத்தணியைச் சுற்றி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை வட்டாரங்களில் விசைத்தறியின் ஓசை ஓயாது. தறிப் பட்டறையில் வளர்ந்த ஓர் இளைஞன், பாவு நூல் அறுந்த கணமே தறியை நிறுத்தி, உரிமையாளரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் மலிவானதொரு கருவியைச் செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பெருமளவில் தயாரிக்க அவனுக்கு 20 லட்சம் ரூபாய் தேவை.

கடனாக வாங்கினால், கருவி விற்றாலும் விற்காவிட்டாலும் தவணை நிற்காது, வட்டியும் நிற்காது. ஈடு வைத்த வீட்டையும் கடன் கேட்கும். கூட்டாக வாங்கினால் கணக்கு வேறு. அவனுடைய நிறுவனத்தின் மதிப்பு 80 லட்சம் என்று இருதரப்பும் ஒப்புக்கொள்கின்றன. முதலீட்டாளர் 20 லட்சம் போடுகிறார். மொத்தம் ஒரு கோடி. ஆகவே முதலீட்டாளருக்கு ஐந்தில் ஒரு பங்கு. இளைஞனுக்கு ஐந்தில் நான்கு. தொழில் ஓங்கினால் இருவருக்கும் உயர்வு. நேர்மையாக உழைத்தும் தோற்றுப்போனால் முதலீட்டாளருக்குப் பணம் நட்டம். இளைஞனுக்கு உழைப்பு நட்டம். ஆயினும் வீடு அவனிடமே இருக்கும்.

நம்மவர்க்கு இது அயலான கருத்தன்று. ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் தருகின்ற முளாரபா, இருவரும் முதல் சேர்க்கின்ற முஷாரகா ஆகிய கூட்டு முறைகள் ஃபிக்ஹு நூல்களில் விரிவாகப் பேசப்படுபவை. இலாபத்தை இன்ன விகிதத்தில் பிரிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யலாம். 'மாதம் இத்தனை ரூபாய் நிச்சயம்' என்று மட்டும் முடிவு செய்யலாகாது. முளாரபாவில் பண நட்டம் முதலாளிக்குரியது. உழைத்தவர் கவனக்குறைவோ மோசடியோ செய்திருந்தால் மட்டுமே அவர் ஈடு செய்ய வேண்டும். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை எடுத்துக்கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிரியாவுக்கு வணிகப் பயணம் சென்றதை மதரஸாவின் இளஞ்சிறாரும் அறிவர். முதல் உடைய ஒரு பெண்மணி, நம்பிக்கைக்குரியவரைத் தேர்ந்தெடுத்துப் பொறுப்பளித்த வரலாறல்லவா அது!

முதலீட்டாளர் ஏன் இந்த நட்டத்திற்குத் துணிகிறார் என்ற கேள்வி எழலாம். அவர் ஒன்றில் மட்டும் போடுவதில்லை. பலவற்றில் சிறிது சிறிதாகப் போடுகிறார். பல மூழ்கும், ஒன்று கரையேறி, மூழ்கியவற்றுக்கும் சேர்த்துத் தரும். 1957-இல் ஜார்ஜ் டோரியோ என்பார் தலைமையிலான அமெரிக்க முதலீட்டு நிறுவனமொன்று, புதிதாகத் தோன்றிய 'டிஜிட்டல் எக்யூப்மென்ட்' என்னும் கணினி நிறுவனத்தில் 70,000 டாலர் போட்டது. அப்பங்கின் மதிப்பு பின்னாளில் 35 கோடி டாலருக்கும் மேலே சென்றது. ஆனால் இது அரிதினும் அரிது. ஆகவே, இழந்தால் அடுப்பு அணைந்துபோகும் நிலையிலுள்ள குடும்பம் இத்தகைய முதலீட்டில் இறங்கவே கூடாது. மகளின் திருமணத்திற்கும், ஹஜ்ஜுக்கும், மருத்துவத்திற்கும் வைத்த பணம் இப்பந்திக்கு உரியதன்று.

எல்லாக் கண்டுபிடிப்புக்கும் இப்பந்தி வேண்டும் என்பதுமில்லை. கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம், மகளிருக்கான நாப்கினை மலிவாகத் தயாரிக்கும் சிறு இயந்திரத்தை உருவாக்கினார். பெருநிறுவனங்களுக்கு உரிமையை விற்காமல், மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கே இயந்திரங்களை விற்றுத் தொழிலைப் பரப்பினார். 2016-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வாங்குவோர் தரும் பணத்திலேயே தொழிலை வளர்க்க முடியுமானால், பங்கை ஏன் பிரித்துக் கொடுக்க வேண்டும்?

வாய் திறக்குமுன்...

கண்டுபிடிப்பாளராகும் கனவுடைய பிள்ளைகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விருந்துக் கூட்டத்தில் பேசுமுன் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பலரறிய வெளியிடப்பட்டுவிட்ட ஒன்று புதியதாகக் கருதப்படாது. பின்னர் காப்புரிமை கிடைப்பது அரிதாகிவிடும். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-ஆம் ஆண்டினது. விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். கருவி முழுமை பெறாவிட்டாலும் தற்காலிக விவரக் குறிப்புடன் விண்ணப்பித்து இடம் பிடித்துக்கொள்ளலாம்; 12 மாதங்களுக்குள் முழு விவரத்தைத் தந்துவிட வேண்டும். தனி மனிதர் கணினி வழியே விண்ணப்பிக்கும் தொடக்கக் கட்டணம் 1,600 ரூபாய்தான். சோதனை முதலிய கட்டங்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. நம் மாநிலத்தவர்க்குரிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

விண்ணப்பித்த பின்னரும், யாரிடம் பங்கை ஒப்படைக்கிறோம் என்பதில் விழிப்பு வேண்டும். முதலில் ஐந்தில் ஒரு பங்கு கொடுத்த இளைஞன், அடுத்த கட்டத்தில் புதியவருக்கு மீண்டும் ஐந்தில் ஒரு பங்கு கொடுத்தால், அவனிடமிருந்த நூற்றுக்கு 80 பங்கு 64 ஆகிவிடும். மூன்றாம் கட்டத்தில் அது 51-ஐ ஒட்டி வந்து நிற்கும். அதற்கு மேல் சென்றால் தான் பெற்ற பிள்ளைக்குப் பெயர் சூட்டும் உரிமையும் போய்விடும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், முதலீட்டாளரின் வழக்கறிஞரை நம்பாமல், தனக்கென ஒரு வழக்கறிஞரிடம் வரிக்கு வரி படித்துக் கேட்டுக்கொள்வது கட்டாயம்.

போலி விருந்துகள்

இனி, கசப்பான பகுதி. பெங்களூரில் 2006-இல் தொடங்கப்பட்ட 'ஐ மானிட்டரி அட்வைசரி' என்ற நிறுவனம், வட்டி என்ற சொல்லையே உச்சரிக்காமல், பணம் போட்டவர்களைக் 'கூட்டாளிகள்' என்றும், மாதந்தோறும் கொடுத்ததை 'இலாபப் பங்கு' என்றும் அழைத்தது. 'ஹலால் முதலீடு' என்று நம்பி முஸ்லிம் குடும்பங்கள் திரண்டன. 2019 ஜூன் மாதத்தில் அது சரிந்தது. நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் புகார் மனுக்களோடு வரிசையில் நின்றனர். கைம்பெண்களும் ஓய்வூதியரும் அவர்களுள் இருந்தனர். சென்னையில் 'ஆருத்ரா கோல்டு' நிறுவனம், மாதத்திற்கு நூற்றுக்கு 30 வரை தருவதாகக் கூறி, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாக 2022-இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது.

மதரஸாவில் பாடம் சொல்லும் நான் இதை அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்: அரபுப் பெயர் சூட்டப்பட்டதால் ஓர் ஒப்பந்தம் தூய்மையடைந்து விடாது. நட்டமே வராத முளாரபா எங்கும் கிடையாது. நட்டம் வராது என்று ஒருவர் உறுதியளிக்கும்போதே, அது முளாரபா அன்று என்பது வெளிப்பட்டுவிட்டது. சொல்பவர் தாடி வைத்திருக்கலாம், தலைப்பாகை அணிந்திருக்கலாம், உங்கள் உறவினராகவும் இருக்கலாம். கணக்கு கணக்குதான்.

விருந்துக்கு அழைப்பு வந்தால் இக்கேள்விகளைக் கேளுங்கள்.

கண்டுபிடிப்பைக் கண்ணால் காட்டுகிறார்களா? அக்னிகுல் இயந்திரத்தைப் போல எரிந்து காட்டுகின்ற பொருள் இருக்கிறதா, அன்றி வண்ணப் படங்கள் மட்டுந்தானா?

மாதம் இவ்வளவு என்று உறுதியளிக்கிறார்களா? ஆம் எனில் எழுந்து வந்துவிடுங்கள். புதிய கண்டுபிடிப்பு எதுவும் முதல் மாதத்திலேயே இலாபம் ஈட்டியதில்லை. அப்படிக் கொடுப்பவர் உங்கள் பணத்தையும், உங்களுக்குப் பின் வந்தவர் பணத்தையுமே திருப்பிக் கொடுக்கிறார்.

இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துவிட்டால் தனி ஊக்கத்தொகை என்கிறார்களா? தனியார் நிறுவனம் தன் பங்குகளை வாங்குமாறு பொதுமக்களை அழைக்கச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. அதன் உறுப்பினர் எண்ணிக்கைக்கும் 200 என்ற வரம்பு உண்டு. ஊரைக் கூட்டிப் பங்கு விற்பவர் சட்டத்தையும் கூட்டிலேற்றுகிறார்.

அன்றே முடிவு செய்ய நெருக்குகிறார்களா? உண்மை முதலீட்டாளர் விருந்து மேசையில் காசோலை எழுதுவதில்லை. கணக்கேடுகளைச் சோதித்து, தொழிற்கூடத்தைப் பார்த்து, வாங்கியோரை விசாரித்து, பல வாரங்களுக்குப் பின்னரே கையெழுத்திடுவார். அவசரம் மோசடியின் அடையாளம்.

ஏமாற்றப்பட்டவர்கள் வெட்கத்தால் வாய்மூடி இருந்துவிட வேண்டாம். வைப்பீட்டாளர் நலன் காக்க 1997-இலேயே தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியிருக்கிறது. பொருளாதாரக் குற்றப்பிரிவு காவல்துறையை அணுகலாம்.

பந்தியை நாமும் விரிக்கலாம்

இவ்வளவு எச்சரிக்கையும் அஞ்சி ஒதுங்குவதற்காகச் சொல்லப்பட்டதன்று. வலையைக் கண்டு அஞ்சிய குடும்பங்கள் பணத்தைப் பொன்னாகவும் மனையாகவும் முடக்கிவிடுகின்றன. அதே தெருவில் அறிவுள்ள இளைஞன் ஒருவன் இரண்டு லட்சம் கிடைக்காமல் தன் கருவியைப் பரணில் போட்டுவிட்டு விமானம் ஏறுகிறான். இரண்டும் இழப்பே.

நம் விருந்துகளில் ஒரு சஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்பது பன்னெடுங்கால வழக்கம். செல்வந்தரும் ஏழையும் ஒரே தட்டில் கைவைக்கும் அவ்வழக்கம் இதற்கும் பொருந்தும். நம் ஊர்களின் கல்வி அறக்கட்டளைகளும் வணிகர் சங்கங்களும் ஆண்டுக்கு ஒருமுறையேனும், பொறியியல் பயிலும் பிள்ளைகளின் படைப்புகளைப் பார்வைக்கு வைத்து, ஊர் வணிகர்களை அழைத்து, ஓர் எளிய உணவோடு உரையாடச் செய்யலாம். மகளிரும் அங்கு வரட்டும். முதல் உடையவர்களாகவும் வரட்டும், கண்டுபிடித்தவர்களாகவும் வரட்டும். எழுதி வைத்த ஒப்பந்தம், திறந்த கணக்கு, நட்டத்திற்கும் இசைந்த மனம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். விடுதியும் வேண்டா, மேசை விரிப்பும் வேண்டா.

இலாபத்தில் பங்கு கேட்பவர் நட்டத்திலும் பங்கேற்க வேண்டும். முதலீட்டாளரை அளக்கவும் இதுவே உரைகல். கண்டுபிடிப்பாளரை அளக்கவும் இதுவே உரைகல். அடுத்த முறை அழைப்பிதழ் ஒன்று உங்கள் வாசலுக்கு வந்தால், முதலில் இவ்வுரைகல்லில் உரசிப் பாருங்கள். பொன்னாக இருந்தால், பிஸ்மில்லாஹ் சொல்லிப் பந்தியில் அமருங்கள்.